ஹோட்டல்ல சப்ளையர் வேலைக்கு போற பொண்ணுங்களுக்கு: கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

எங்க பக்கம் இப்ப எந்த ஹோட்டல் வாசல்ல பாத்தாலும் "சப்ளையர் தேவை, ஆண் பெண் இருபாலரும்"னு ஒரு அட்டை தொங்குது. முன்னல்லாம் பொம்பளைங்கன்னா மாவாட்ட, காய் நறுக்க, பாத்திரம் தேய்க்கன்னு பின்கட்டோட சரி, முன்னாடி ஹால்ல ஆம்பளைங்கதான் தோள்ல துண்டோட நிப்பாங்க. இப்ப ஆம்பள பசங்க பாதி பேரு திருப்பூர், சென்னை, சிங்கப்பூர்னு போயாச்சு, இந்தப் பக்கம் நடவு மெஷின் வந்ததுல குறுவைக்கும் தாளடிக்கும் நடவு, களைன்னு போயிட்டிருந்த பொம்பளைங்களுக்கு வேலை நாள் கொறஞ்சு போச்சு, அதனால வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்து கிராமத்துலேருந்து டவுன் பஸ் ஏறி ஹோட்டலுக்கு வர்றவங்க கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு. நானும் அப்படி வந்தவதான். இப்ப ஒரு வெஜ் ஹோட்டல்ல ஹால் முழுக்க பாத்துக்கறேன், புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு கத்துக்குடுக்கறதும் நான்தான், ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா தொண்ட வத்த சொல்றதுக்கு ஒரு தடவ எழுதி வச்சுடலாம்னு உக்காந்திருக்கேன்.

தட்டு தூக்குற வேலைதானேன்னு நெனச்சு வராதீங்க. தட்டு தூக்க ரெண்டே நாள்ல வந்துரும். கஷ்டம் வேற ரெண்டு எடத்துல இருக்கு, ஒண்ணு சாப்புடுறவங்க கூப்புடுறதுக்கு முன்னாடியே என்ன வேணும்னு பாக்குற கண்ணு, இன்னொண்ணு முதலாளிகிட்ட சேரும்போதே எல்லாத்தையும் பேசி முடிக்கிற வாய். ரெண்டாவது இல்லாததுனாலதான் நெறைய நல்ல சப்ளையருங்க வெறுத்துப் போயி வேலைய விட்டுட்டு போறாங்க, அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கறேன்.

ஸ்டெப் 1: எந்த மாதிரி இடம்னு முடிவு பண்ணுங்க

நம்ம பக்கம் நாலஞ்சு வகை இருக்கு. பஸ் ஸ்டாண்டு, கோயில் பக்கத்து டிபன் ஹோட்டல், இங்க வேகம்தான் எல்லாம், காலைல ஆறு மணிக்கே பொங்கல் வடைன்னு கூட்டம் வந்துரும். மதிய சாப்பாட்டுக்கு பேர் போன மெஸ், இங்க பதினொன்றரைலேருந்து மூணு வரைக்கும் உசுர எடுக்கும், மத்த நேரம் நிம்மதி. பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, இங்க வேலை லேசு, சம்பளமும் லேசு. ஏசி ஃபேமிலி ரெஸ்டாரன்ட். அப்பறம் தஞ்சாவூர்லயும் சுவாமிமலை பக்கமும் டூரிஸ்ட் தங்குற பெரிய ஹோட்டல், ரிசார்ட்டு, இங்க யூனிஃபார்ம், டிரெய்னிங், பிஎஃப் எல்லாம் ஒழுங்கா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி ஆனா கொஞ்சம் இங்கிலீஷ் கேப்பாங்க.

என் அபிப்ராயம், முதல் வேலை கூட்டம் உள்ள டிபன் ஹோட்டல்ல ஒரு ஆறு மாசமாச்சும் பாருங்க. அங்க நின்னுட்டா எங்கயும் நிக்கலாம். பேக்கரில ஆரம்பிச்ச பொண்ணுங்க அப்பறம் ஹாலுக்கு வந்தா திணறுதுங்க.

வெளிலேருந்து சும்மா பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு நாள் கூட்ட நேரத்துல போயி ஒரு காபி குடிச்சுட்டு அரை மணி நேரம் உக்காருங்க. கேஷ்ல இருக்கறவரு வேலை செய்யிறவங்கள எப்படி கூப்புடுறாருன்னு காது குடுத்து கேளுங்க. "ஏய்"னு கூப்புடுறாரா, பேர் சொல்லி கூப்புடுறாரா, கஸ்டமர் முன்னாடியே திட்டுறாரா. அங்க ஏற்கனவே பொம்பளைங்க வேலை பாக்குறாங்களான்னும் பாருங்க, ஒரே ஒரு பொண்ணா நீங்க மட்டும் சேர்ற எடம்னா ரெண்டு தடவ யோசிங்க.

ஸ்டெப் 2: சேர்றதுக்கு முன்ன கேக்க வேண்டியது

இங்கதான் நம்ம பொண்ணுங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்க. "வேலை குடுத்தாலே போதும்"னு தலையாட்டிட்டு வந்துட்டு அப்பறம் பஸ்ல அழுவுதுங்க. வெக்கப்படாம கேளுங்க.

முதல் கேள்வி ஷிப்ட்டு. நேர் ஷிப்ட்டா, ரெண்டா ஒடைச்ச ஷிப்ட்டா. ஒடைச்ச ஷிப்ட்டுன்னா காலைல ஆறுலேருந்து பதினொண்ணு, திரும்ப சாயங்காலம் நாலுலேருந்து பத்துன்னு இருக்கும், கணக்குக்கு பதினொரு மணி நேரம்தான்னாலும் நாள் முழுக்க போயிரும், நடுவுல கிராமத்துக்கு போயிட்டும் வர முடியாது, ஹோட்டல் மாடிலயே எங்கயாவது சாஞ்சு கிடக்கணும். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதுக்கு மேல பாத்தா ஓவர்டைம். ராத்திரி வேலைக்கும் கணக்கு இருக்கு, 2019-ல கடைகள 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம்னு தமிழ்நாட்டுல ஆணை போட்டப்ப, பொம்பளைங்கள சாதாரணமா ராத்திரி 8 மணிக்கு மேல வேலை பாக்க சொல்லக்கூடாது, அவங்களே எழுத்துல சம்மதம் குடுத்தா மட்டும் பாதுகாப்பு ஏற்பாட்டோட வைக்கலாம்னு கண்டிஷன் போட்டாங்க. நடைமுறைல பாதி எடத்துல இத யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா உங்களுக்கு தெரிஞ்சிருந்தா "எட்டரைக்கு என்னை விட்டுருங்க, கடைசி டவுன் பஸ்ஸு போயிரும்"னு கேக்கற தைரியம் வரும்.

பஸ்ஸ சொன்னதால இதையும் சொல்லிடறேன், 2021-லேருந்து சாதாரண டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்லல்ல, அந்த விடியல் பயணம்தான் இந்த வேலைக்கு கிராமத்துலேருந்து வர்றதையே கட்டுப்படியாக்குச்சு. ஆனா கடைசி டவுன் பஸ்ஸ விட்டா புறநகர் பஸ்ல காசு குடுக்கணும், அதையும் விட்டா ஆட்டோ, அன்னிக்கு சம்பளமே அதுக்கு போயிரும். அதனால உங்க ஊருக்கு கடைசி டவுன் பஸ் எத்தன மணிக்குன்னு கண்டக்டர்கிட்டயே கேட்டு வச்சுகிட்டு அப்பறமா ஷிப்ட்டுக்கு ஒத்துக்குங்க.

ரெண்டாவது சம்பளம். தினக்கூலியா மாசச் சம்பளமா, வார லீவுக்கு சம்பளம் உண்டா, சாப்பாடு எத்தன வேளை, யூனிஃபார்முக்கு பிடிப்பாங்களா, தட்டு கிளாஸ் ஒடஞ்சா பிடிப்பாங்களா. ஹோட்டல் தொழிலுக்குன்னு அரசாங்கம் குறைந்தபட்ச சம்பளம் நிர்ணயம் பண்ணிருக்கு, பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1 அன்னிக்கு மாறும், தொழிலாளர் துறை ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க. பத்து பேரு அதுக்கு மேல வேலை செய்யற எடம்னா, மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு உண்டு, உங்க சம்பளத்துல முக்கா பர்சன்ட்டுதான் பிடிப்பாங்க, 12,000 ரூபா சம்பளம்னா வெறும் 90 ரூபா. அதுக்கு உடம்பு முடியாம டாக்டர் லீவு எழுதிக்குடுத்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 பர்சன்ட் கிடைக்கும். இருபது பேரு அதுக்கு மேலன்னா பிஎஃப். "பிடிக்காம கையில முழுசா தரேன்"னு முதலாளி சொன்னா சந்தோஷமா இருக்கும், வேணாம், பிடிக்கவே சொல்லுங்க, அவரும் அவரு பங்கு போட்டாகணும்ல.

மூணாவது பாத்ரூம். சிரிக்காதீங்க. பொம்பளைங்களுக்கு தனி பாத்ரூம் இருக்கா, தாப்பா இருக்கா, தண்ணி வருதா, நேரா போயி பாத்துட்டு வாங்க. இல்லாத எடத்துல பொண்ணுங்க என்ன பண்ணுதுன்னா தண்ணியே குடிக்காம இருக்குதுங்க, அப்பறம் யூரின் இன்ஃபெக்ஷன், காய்ச்சல், மாசாமாசம் ஆஸ்பத்திரி. துணி மாத்த எடம் இருக்கான்னும் சேத்து பாருங்க.

இன்னொண்ணு, இன்டர்வியூல "எந்த ஊரு?"ன்னு கேப்பாங்க, சொல்லுவீங்க, அடுத்தது "எந்தத் தெரு?"ன்னு கேப்பாங்க. எதுக்கு கேக்கறாங்கன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. "பஸ் ஸ்டாப் பக்கத்துல சார்"னு சொல்லிட்டு ஷிப்ட்டு என்னன்னு கேளுங்க. அதுக்கு மேலயும் குடைஞ்சாங்கன்னா அந்த எடம் வேணாம், வேற அட்டை தொங்குது பக்கத்துலயே.

ஸ்டெப் 3: டிரெஸ்ஸு, செருப்பு, பேப்பர்

சேலை யூனிஃபார்ம்னா கணுக்காலுக்கு ஒரு ரெண்டு விரக்கடை மேல கட்டுங்க, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் பின்னு, தொங்குற முந்தானை சாம்பார் வாளிக்குள்ள போகும். சுடிதார்னா துப்பட்டாவ ரெண்டு தோள்லயும் குத்திடுங்க. கண்ணாடி வளையல் வேணாம், ஒடஞ்சா சாப்பாட்டுல விழும். நகச்சாயம் வேணாம். தலைய கொண்ட போட்டு நெட் போடுங்க, மல்லிப்பூ ஆசைதான், ஆனா உதிரி ஒண்ணு ரசத்துல மிதந்தா பதில் சொல்ல முடியாது.

செருப்புல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பின்னாடி வார் உள்ள, அடியில ரப்பர் கிரிப் உள்ள செருப்பு இல்லன்னா ஷூ. அடுப்படி வாசல்ல எப்பவுமே தரை ஈரமா எண்ணெய் பிசுக்கா இருக்கும், ஹவாய் செருப்போட கையில நாலு காபியோட சறுக்கினா கதை முடிஞ்சுது.

சாப்பாடு பரிமாறுற எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவ மெடிக்கல் செக்கப் பண்ணி சர்ட்டிபிகேட் வச்சிருக்கணும், டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்கணும், இது உணவு பாதுகாப்பு விதி. அந்த செலவ ஹோட்டல்தான் பாக்கணும்னு கேளுங்க. ஆதார், பேங்க் பாஸ்புக் காப்பி குடுங்க, ஒரிஜினல் எதையும் யாருகிட்டயும் விட்டுட்டு வராதீங்க.

ஸ்டெப் 4: முதல் வாரம், வாய மூடு கண்ண திற

முதல் வாரம் மெனு கார்டு மனப்பாடம். விலையோட. எது எத்தன மணிக்கு கிடைக்கும், எது எத்தன நிமிஷம் ஆவும். பூரி காலைல மட்டுமா, ரவா தோசைக்கு எவ்வளவு நேரம், கடப்பா என்னிக்கு போடுவாங்க. வெளியூர்க்காரங்க கடப்பான்னா என்னன்னு கண்டிப்பா கேப்பாங்க, கல்லான்னு ஜோக் வேற அடிப்பாங்க, "பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு தேங்கா அரச்சு விட்டது சார், இட்லிக்கு நல்லாருக்கும், எங்க ஊர் ஸ்பெஷல்"னு ஒரே மூச்சுல சொல்ல வரணும்.

அடுத்து டேபிள் நம்பர். ஹால்ல எந்த டேபிளுக்கு என்ன நம்பர், சீட்டுக்கும் நம்பர் வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. நான் சொல்லிக்குடுக்கறது இதுதான், வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கறவரு ஒண்ணு, அவருலேருந்து கடிகாரம் சுத்துற மாதிரி ரெண்டு மூணு நாலு. ஆர்டர் எழுதும்போது சீட்டு நம்பரோட எழுதுனா, கொண்டு போயி வைக்கும்போது "ரவா யாருக்கு, ஊத்தப்பம் யாருக்கு"ன்னு ஏலம் போட வேண்டியதில்ல, நேரா அவங்கவங்க முன்னாடி வைக்கலாம். சின்ன விஷயந்தான், ஆனா இத செய்யற பொண்ணுக்கு தனி மரியாதை.

மூணாவது அடுப்படி. மாஸ்டருகிட்ட நல்ல பேரு வாங்கிட்டா வேலை பாதி கொறஞ்சுது. கூட்ட நேரத்துல அவருகிட்ட கதை பேசாதீங்க, ஆர்டர தெளிவா ஒரே தடவ சொல்லுங்க: "மாஸ்டர், ஆறுக்கு ரெண்டு ஊத்தப்பம், ஒண்ணு பச்சமிளகா இல்லாம, ஒரு நெய் ரோஸ்ட் முறுகலா." அவ்வளவுதான். ஆர்டர மாத்தணும்னா கத்தாம கிட்ட போயி சொல்லுங்க, "அண்ணே கல்லுல ஊத்திட்டீங்களா"ன்னு முதல்ல கேட்டுட்டு. ஊத்தியாச்சுன்னா அந்த தோசைய அடுத்த டேபிளுக்கு தள்ளப் பாருங்க, நெறைய தடவ தள்ளிடலாம்.

ஸ்டெப் 5: ஆர்டர் எடுக்கறது

உக்காந்த ஒடனே தண்ணி. தண்ணி வச்சிட்டா அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு யாரும் கோவப்பட மாட்டாங்க, இது எழுதாத சட்டம். கிளாஸ அடிப்பக்கமா புடிச்சு வைங்க, வாய் வைக்கிற விளிம்புல விரல் பட்டா சிலபேரு குடிக்கவே மாட்டாங்க, அதுல தப்பும் இல்ல.

"என்ன சாப்புடுறீங்க?"ன்னு மட்டும் கேட்டா "என்னம்மா இருக்கு"ம்பாங்க, நீங்க முப்பது ஐட்டம் ஒப்பிக்கணும். அதுக்கு பதிலா "சூடா பொங்கல் இருக்குங்க, நெய் ரோஸ்ட் போடலாம், இட்லியோட கடப்பா இருக்கு"ன்னு மூணு மட்டும் சொல்லுங்க, பத்துல ஏழு பேரு அதுலயே ஒண்ண சொல்லிடுவாங்க. அடுப்படில எது தயாரா இருக்கோ அத முதல்ல சொல்லுறது உங்க சாமர்த்தியம்.

காபி விஷயத்துல நம்ம ஊரு ஆளுங்க விளையாட மாட்டாங்க. "காபி இப்பவா, கடைசியாவா"ன்னு கேட்டே தீரணும். கேக்காம டிபனோட கொண்டு வந்து வச்சீங்கன்னா அவரு பொங்கல் முடிக்கறதுக்குள்ள ஆறிப்போயி ஏடு கட்டிரும், அப்பறம் பொங்கல் நல்லாருந்ததெல்லாம் மறந்து போயி காபிய மட்டும் வச்சு கேஷ்ல போயி சொல்லிட்டு போவாரு. சக்கரை கம்மி, சக்கரை தனியா, டிகாக்ஷன் தூக்கலா, பால் தூக்கலா, எல்லாத்தையும் சீட்டு நம்பரோட எழுதுங்க. டபராவ விளிம்புல புடிச்சு தூக்குங்க, பித்தளை டம்ளர நேரா தொட்டீங்கன்னா விரல் வெந்துரும். நாலு காபி ஒண்ணா எடுக்கணும்னா டிரேல, வெயிட்டு நடுவுல, டிரே உடம்ப ஒட்டி.

சனிக்கிழமை திருநள்ளாறு போயிட்டு வர்றவங்க, வியாழக்கிழமை ஆலங்குடி போறவங்க, நவகிரக டூர் வேன், கார்த்திகை மார்கழில மாலை போட்ட சாமிங்க, இவங்கள்ல நெறைய பேரு வெங்காயம் பூண்டு சேக்க மாட்டாங்க. மாலை போட்டவங்கள "சாமி"ன்னே கூப்புடுங்க, பொண்ணுங்களா இருந்தா தள்ளி நின்னு வைக்கணும்னு சில பேரு எதிர்பாப்பாங்க, சண்டை வேணாம், தட்ட டேபிள்ல வச்சிட்டு நகந்துருங்க. குஜராத், ராஜஸ்தான்லேருந்து வர்ற ஜெயின் ஆளுங்க உருளைக்கிழங்கும் சாப்புட மாட்டாங்க, மண்ணுக்கு கீழ விளையிற எதையுமே சாப்புட மாட்டாங்க, அவங்களுக்கு மசால் தோசை, கடப்பா ரெண்டுமே கூடாது, சின்ன வெங்காய சாம்பாரும் கூடாது, சாதா தோசை, தேங்கா சட்னி, தயிர்னு சொல்லுங்க, சட்னிலயும் பூண்டு இல்லையான்னு மாஸ்டர கேட்டுட்டு. தெரியாம "ஒண்ணும் போடலங்க"ன்னு அடிச்சு விடாதீங்க. முந்திரி, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவங்களுக்கு அது உசுருக்கே ஆபத்து.

தஞ்சாவூர் பக்கம் டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் வெள்ளக்காரங்க, முக்கியமா பிரான்ஸ்லேருந்து குரூப் குரூப்பா பெரிய கோயில் பாக்க வருவாங்க. அவங்களுக்கு இங்கிலீஷே அரைகுறைதான், அதனால நமக்கு என்ன பயம். "ஸ்பைசி? நோ ஸ்பைசி?" கேளுங்க, சீல் ஒடைக்காத தண்ணி பாட்டில அவங்க முன்னாடியே திறங்க, ஸ்பூன் கேக்காமயே வைங்க. இலைல எப்படி சாப்புடறதுன்னு பாக்க ஆசைப்படுவாங்க, சொல்லிக்குடுங்க, டிப்ஸும் நல்லா வரும்.

ஸ்டெப் 6: இலை சாப்பாடு பரிமாறுறது

இதுதான் நம்ம பக்கத்து உண்மையான பரீட்சை. தோசைய யாரு வேணா கொண்டு வந்து வைக்கலாம், இலைல பரிமாறத் தெரிஞ்சவ மட்டும்தான் சப்ளையர்.

நுனி இலைன்னா நுனி சாப்புடறவங்க இடது கைப்பக்கம் வரணும். அவங்க தண்ணி தெளிச்சு துடைக்கிற வரைக்கும் பொறுங்க. மேல் பாதில இடது ஓரத்துலேருந்து உப்பு, ஊறுகா, அப்பறம் பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல்னு வரிசையா. கீழ் பாதி சாதத்துக்கு. சாதம் போட்டதும் பருப்பு, நெய். அது முடிய சாம்பார், அடுத்து வத்தக்குழம்பு இல்ல மோர்க்குழம்பு, ரசம், பாயசம், மோர். ஒரு டேபிள்ல நாலு பேரு நாலு வேகத்துல சாப்புடுவாங்க, அதுதான் சிக்கல். ஒருத்தரு ரசத்துல இருப்பாரு, பக்கத்துல வயசான ஒருத்தரு இன்னும் பருப்பு சாதத்துலயே இருப்பாரு. இலைய பாத்துகிட்டே போகணும், முகத்த இல்ல.

இலையப் பாத்தா எல்லாம் தெரியும். சாதத்துல நடுவுல குழி பறிச்சா குழம்புக்கு காத்திருக்காருன்னு அர்த்தம். பொரியல மட்டும் முதல்லயே காலி பண்ணிட்டு மத்தத தொடாம இருந்தா அது புடிச்சிருக்கு, கேக்க கூச்சப்படுறாருன்னு அர்த்தம், கேக்கறதுக்கு முன்ன ஒரு கரண்டி வைங்க. சாதத்த ஓரமா ஒதுக்கி வச்சா மோருக்கு ஒதுக்குறாரு, அது மேல சாம்பார் ஊத்திடாதீங்க. உள்ளங்கைய இலை மேல கவுத்து காட்டுனா போதும்னு அர்த்தம், "இன்னும் கொஞ்சம்"னு வற்புறுத்தறதெல்லாம் கல்யாண வீட்டுல, ஹோட்டல்ல வேணாம், வீணாகுறத முதலாளியும் பாத்துகிட்டு இருப்பாரு.

வாளிய முக்காவாசிக்கு மேல நெரப்பாதீங்க. தளும்பும், கை வலிக்கும், காலுல கொட்டுனா வெந்துரும். கரண்டிய இலைக்கு கிட்ட கொண்டு போயி மெதுவா சாய்ங்க, ஒசரத்துலேருந்து ஊத்துனா வெள்ளச்சட்டைல தெறிக்கும், முகூர்த்த நாள்ல பட்டு வேட்டில தெறிச்சா அன்னிக்கு நாள் முழுக்க கேக்கணும். கரண்டி இலையிலயோ சாதத்துலயோ படக்கூடாது. ஹால்ல நடக்கும்போது "சூடு, சூடு"ன்னு குரல் குடுத்துகிட்டே நடங்க, திரும்பும்போது "பின்னாடி"ன்னு சொல்லுங்க.

வெந்துட்டா ஒடனே குழாய திறந்து இருபது நிமிஷம் ஓடுற தண்ணில காட்டுங்க. இட்லி மாவு தடவு, பேஸ்ட் தடவு, இங்க் ஊத்துன்னு அடுப்படில ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க, எதையும் தடவாதீங்க. கொப்புளம் வந்தா டாக்டர்.

ஸ்டெப் 7: கூட்டத்த சமாளிக்கறது

முகூர்த்த நாளு, வார கடைசி நவகிரக கூட்டம், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, ஆகஸ்ட் 29-லேருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழாவுக்கு போற வர்ற கூட்டம், ஜனவரில திருவையாறு ஆராதனை, இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்ச நாளுங்க, காலண்டர்ல குறிச்சு வச்சுக்குங்க, அன்னிக்கெல்லாம் லீவு கேக்காதீங்க, கேட்டாலும் கிடைக்காது. அதுக்கு பதிலா ஆடி, மார்கழில முகூர்த்தம் இல்லாத வார நாள்ல வீட்டு விசேஷம், ஆஸ்பத்திரி வேலையெல்லாம் வச்சுக்குங்க. கும்பகோணத்துல 2016-க்கு அப்பறம் 2028-ல மாசி மகாமகம் வருது, அதுக்கு முன்னாடியே எல்லா ஹோட்டலும் ஆள் தேடி அலையும், அப்ப அனுபவம் உள்ள பொண்ணுங்களுக்கு சம்பளம் பேச நல்ல நேரம்.

கூட்டத்துல ஒரு விதி, வெறுங்கையோட நடக்கக்கூடாது. அடுப்படிக்கு போகும்போது எச்சி தட்டு, வரும்போது ஆர்டர். லேட்டாவுதுன்னா ஒளியாதீங்க, போயி "ரவா கொஞ்சம் நேரமாவுங்க, அதுவரைக்கும் ஒரு வடை தரட்டுமா"ன்னு கேளுங்க. கஸ்டமருக்கு பசி கூட பொறுத்துக்குவாரு, நம்மள யாரும் கண்டுக்கலங்கறத பொறுத்துக்க மாட்டாரு.

ஸ்டெப் 8: கை நீட்டுறவங்க, வாய் நீட்டுறவங்க

இத மழுப்பி எழுத எனக்கு இஷ்டமில்ல. நூத்துக்கு தொண்ணூறு பேரு நல்லவங்க, "என்னம்மா", "தங்கச்சி", "பாப்பா"ன்னு கூப்புட்டு சாப்புட்டு போயிடுவாங்க. மீதி உள்ளவங்களுக்காகத்தான் இது.

பில்ல கையில குடுக்காதீங்க, சோம்பு வச்ச தட்டுல வச்சு டேபிள்ல வைங்க, மீதிக் காசும் அப்படியே. விரல உரசுறதுக்குன்னே கை நீட்டுறவனுக்கு அதோட வழி அடைபட்டுச்சு. சுவரோரமா உள்ள உள் சீட்டுக்கு எட்டி வைக்கணும்னா குனியாதீங்க, இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவருகிட்ட "கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்கண்ணே"ன்னு குடுங்க. நம்பர் கேட்டா ஹோட்டல் கார்ட குடுங்க. போன்ல படம் எடுக்கற மாதிரி தெரிஞ்சா, அங்கயே சத்தமா, ஆனா மரியாதையா, "சார் போன கீழ வைங்க, ஸ்டாஃப படம் எடுக்கக்கூடாது"ன்னு சொல்லுங்க, நாலு டேபிள் திரும்பி பாத்தாலே அவன் பாதி செத்துருவான். அப்பறம் அந்த டேபிள வேற ஆளுக்கு மாத்துங்க, "அண்ணே எட்டாம் நம்பர நீங்க பாருங்க"ன்னா எங்க ஹால்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, நான் அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன். உங்க எடத்துலயும் இப்படி ஒரு ஏற்பாடு முதல் வாரத்துலயே பேசி வைங்க.

தொட்டுட்டான்னா, அது கஸ்டமரா இருந்தாலும் சரி, கூட வேலை செய்யறவனா இருந்தாலும் சரி, முதலாளி வீட்டு ஆளா இருந்தாலும் சரி, சட்டம் ஒண்ணுதான். 2013-ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டப்படி பத்து பேரு அதுக்கு மேல வேலை செய்யற எடத்துல உள்ளக புகார் குழு இருந்தாகணும், பத்து பேருக்கு கம்மின்னா மாவட்ட அளவுல உள்ள உள்ளூர் புகார் குழுவுக்கு எழுதலாம், நடந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். வெளிலேருந்து வர்ற ஆளுங்ககிட்டேருந்தும் வேலை எடத்துல பாதுகாப்பு குடுக்கறது முதலாளி கடமைன்னு அதுலயே இருக்கு, அதனால "கஸ்டமர நான் என்னம்மா பண்றது"ன்னு அவரு கைய விரிக்க முடியாது. ஒடனடி உதவிக்கு 181, போலீஸுக்கு 112. தேதி, நேரம், டேபிள் நம்பர ஒரு நோட்டுல எழுதி வைங்க, அன்னிக்கே சிசிடிவி பதிவ எடுத்து வைக்க சொல்லுங்க, கொஞ்ச நாள்ல பழைய பதிவு தானா அழிஞ்சுரும்.

ஊர்ல பேசறவங்களும் இருப்பாங்க. "ஹோட்டல்லயா வேலை பாக்குது"ன்னு இழுப்பாங்க. அவங்களே ஒரு நாள் குடும்பத்தோட வந்து உங்க டேபிள்லயே உக்காருவாங்க, தண்ணி வைங்க, ஆர்டர் எடுங்க.

ஸ்டெப் 9: உடம்பு

நடவுல இடுப்பு போகும், இங்க கால் போகும். நாள் முழுக்க நின்னா கால் வீங்கும், வருஷக்கணக்குல போனா நரம்பு சுருட்டிக்கும். 2021-ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமாவே போட்டாங்க, கேரளாவுக்கு அப்பறம் நம்ம ஊர்லதான். அதனால கூட்டம் இல்லாத நேரத்துல உக்காந்தா அது சோம்பேறித்தனம் இல்ல. எங்க ஹால்ல கேஷ் பக்கத்துல ரெண்டு ஸ்டூல் கிடக்கு, முதல்ல முதலாளி முறைச்சாரு, இப்ப அவரே ஒண்ணுல உக்காந்துக்கறாரு.

வீட்டுக்கு போனதும் கால சுவத்துல தூக்கி வச்சு பத்து நிமிஷம் படுங்க. தண்ணிய ஒரு பாட்டில்ல தனியா வச்சு குடிச்சுகிட்டே இருங்க. கூட்டம் வர்றதுக்கு முன்ன சாப்புட்டுருங்க, ஊருக்கே சோறு போட்டுட்டு நாலு மணிக்கு ஆறுன சாதத்த அள்ளிப் போட்டுக்கற பழக்கம் நம்மகிட்ட ஜாஸ்தி, அல்சர்ல கொண்டு போயி விட்டுரும்.

ஸ்டெப் 10: டிப்ஸு, அப்பறம் மேல போறது

ஜிபே வந்ததுல டிப்ஸு படுத்துருச்சு. முன்ன மீதி சில்லறைய தட்டுலயே விட்டுட்டு போவாங்க, இப்ப பைசா சுத்தமா ஸ்கேன் பண்ணிட்டு எந்திரிச்சுடறாங்க. பொது டப்பா வச்சு பிரிக்கிற எடம்னா கிளீனருக்கும் பங்கு உண்டான்னு கேளுங்க, இருக்கணும், டேபிள் சீக்கிரம் துடைச்சாதானே உங்களுக்கு அடுத்த கஸ்டமர். பில்லுல கஸ்டமர கேக்காம சர்வீஸ் சார்ஜ் போடக்கூடாதுன்னு 2022-லயே மத்திய நுகர்வோர் ஆணையம் சொல்லிருச்சு, 2025-ல டெல்லி ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணிருச்சு, அதனால "சர்வீஸ் சார்ஜ்ல பங்கு வரும்"னு காட்டி சம்பளத்த கொறைச்சு பேசுற எடத்துல ஏமாறாதீங்க.

ஒரு வருஷம் ஆச்சுன்னா சம்பளம் ஏத்தி கேளுங்க. பில் போடற கம்ப்யூட்டர கத்துக்குங்க, ஸ்டாக் எழுத கத்துக்குங்க, கேஷியர் லீவு போட்ட அன்னிக்கு "நான் பாக்கறேன் சார்"னு உக்காருங்க, கேப்டன், சூப்பர்வைசர்னு போற வழி அதுதான். படிக்கணும்னு ஆசை இருந்தா திருச்சி துவாக்குடில அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி இருக்கு, நம்ம பிள்ளைங்கள்ல பிளஸ் டூ முடிச்சதுக்கு அது நல்ல வழி.

வேற ஹோட்டலுக்கு மாறும்போது சண்டை போட்டுட்டு ஒரே நாள்ல நின்னுடாதீங்க, நின்னா அந்த மாச சம்பளத்துக்கு நடையா நடக்கணும். முன்கூட்டியே சொல்லுங்க, வேலை பாத்ததுக்கு லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் வாங்குங்க, பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரையும் ஈஎஸ்ஐ நம்பரையும் போன்ல சேவ் பண்ணி வச்சு புது எடத்துல அதையே குடுங்க, புதுசா இன்னொண்ணு போட விடாதீங்க.